நாற்பத்தோராயிரம் படங்களும் கேட்டோரம் ஒரு முகமும்

போன வாரம் அம்மா தூக்கிப் போட்ட குண்டு அந்த மூன்றாவது மாடி வீட்டின் சாப்பாட்டு மேஜையில் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. ஐம்பதாவது கல்யாண நாளுக்குத் துணிமணி வேண்டாம், நகை வேண்டாம், ஒரு போட்டோ ஆல்பம் போதும். ஆனால் அட்டையில் குடும்பத்தில் ஒருத்தர் விடாமல் எல்லோரும் இருக்கிற படம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டு, அவள் பாட்டுக்கு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

அப்படி ஒரு படம் அந்த வீட்டில் கிடையாது. சித்தப்பா இருக்கிற படங்களில் இளைய மகளைக் கட்டிய மாப்பிள்ளை இல்லை. மாப்பிள்ளை வந்த பிறகு எடுத்த படங்களில் சித்தப்பா இல்லை. சித்தப்பா என்ற சொல் காதில் விழுந்தால் அப்பா எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவார். வெளியே காற்று அடிக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை.

ஞாயிற்றுக்கிழமை விழா. இன்று செவ்வாய். சாயங்காலம் ஆறு மணிக்குள் படங்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். பல் டாக்டரான மூத்த மகள் கிளினிக்குக்கு லீவு போட்டுவிட்டு லேப்டாப்போடு வந்து உட்கார்ந்திருந்தாள்.

அப்பா நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்ற பிறகு போட்டோ எடுப்பதே வேலை. அவர் கேமராவைத் தூக்கினால் எதிர்க் கம்பத்துக் காக்கை தன் நல்ல பக்கத்தைக் காட்டித் திரும்பி உட்காரும். ஒரு முறை ஒரு ஈயை அவர் எடுத்த படங்களின் எண்ணிக்கை இருநூற்றுப் பன்னிரண்டு. நூற்றைம்பதாவது படத்தில் ஈ தூங்கிவிட்டது.

ஸ்கேன் பண்ணிய பழைய ஆல்பங்களோடு எல்லாம் சேர்த்து நாற்பத்தோராயிரம் படங்கள். மூன்று ஹார்ட் டிஸ்க், ஒரு திருகாணி டப்பா நிறைய மெமரி கார்டு.

"எல்லாத்தையும் முதல்ல ரெண்டு இடத்துல காப்பி எடுத்து வச்சுட்டேம்பா. அப்புறம்தான் கை வச்சேன்" என்றாள் மகள்.

"ஒரு படத்தையும் அழிக்கக் கூடாது."

"உங்க கட்டை விரல் மட்டும் தொள்ளாயிரம் படம் இருக்கு."

"அது வேற வேற வெளிச்சம்."

போட்டோ சாஃப்ட்வேர் காலையிலிருந்து படங்களைத் தின்றுகொண்டிருந்தது. இரட்டைப் படங்களை அதுவே ஜோடி ஜோடியாகப் பொறுக்கி முன்னால் வைத்தது. நல்லதுக்கு ஐந்து ஸ்டார், சுமாருக்கு மூன்று, கட்டை விரலுக்கு ஒன்றுமில்லை என்று அவள் தட்டித் தட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள். கிளினிக்கில் பல் எக்ஸ்ரேக்களைப் பார்த்துப் பழகிய கண். ஒரு படத்துக்கு ஒரு நொடிக்கு மேல் ஆகவில்லை.

அதற்கப்புறம் அது முகங்களைப் பிரிக்க ஆரம்பித்தது. மகள் கையை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்தாள்.

மூன்று வயதில் வாயெல்லாம் மையோடு அழுகிற ஒரு குழந்தையையும், நாற்பது வயதில் வெள்ளைக் கோட்டோடு நிற்கிற பல் டாக்டரையும் அருகருகே வைத்து, 'இருவரும் ஒருவரா?' என்று கேட்டது. அவள் ஆமாம் என்றாள். அவ்வளவுதான். முப்பத்தேழு வருஷம் கூட்டம் கூட்டமாக வந்து அவள் பெயரின் கீழ் வரிசையில் நின்றது. தானே மறந்துபோன தன் முகங்கள்.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்னம்மா இது, லிஃப்டுக்கு மாடிதான் தெரியும். இதுக்கு ஆளே தெரியுதே!"

"பயமாத்தான்பா இருக்கு."

அடுத்து அது ஒரு பழைய லிஃப்டின் பொத்தான் பலகையைக் காட்டி, அப்பாவின் பெயரைப் போட்டு, 'இவர்தானா?' என்று கேட்டது. மகள் இல்லை என்று அழுத்தப் போனாள்.

"இரு இரு, அவசரப்படாதே. அந்த லிஃப்டை நான் பதினாறு வருஷம் பார்த்தேன். கொஞ்சம் என் ஜாடை வந்திருக்கும்" என்றார் அப்பா, முகத்தில் ஒரு கோடு மாறாமல்.

மதியம் அவர் கண்ணசரப் போனார். போகிற போக்கில் சொன்னார்: "அட்டைக்கு உன் தங்கச்சி கல்யாணத்துல படிக்கட்டுல நின்னு எடுத்த படத்தையே போட்டுடு. அதுல எல்லாரும் இருக்காங்க."

"எல்லாருமா, அப்பா?"

அப்பா ஜன்னலைச் சாத்தினார்.

அந்தப் படத்தின் கதை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். கல்யாண ஹால் வாசலில், சடங்குகளுக்கு முன்னால், பதினோரு மணிக்குக் குடும்பப் படம் என்று எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது. ஹாலில் இருந்த எல்லோரையும் அவசரப்படுத்திப் படியில் நிறுத்தி, கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் வைத்துவிட்டு அப்பா காத்திருந்தார். தம்பி வரவில்லை. பதினொன்று ஐந்து வரை பார்த்துவிட்டு டைமரை அழுத்தி வரிசையில் போய் நின்றுவிட்டார். பஸ் டிப்போவில் டைம்கீப்பர் வேலை பார்த்த தம்பி, ஊரில் ஓடுகிற அத்தனை பஸ்ஸுக்கும் நேரம் எழுதிய தம்பி, அண்ணன் மகள் கல்யாணத்துக்கு வரவேயில்லை.

அவள் அந்தப் படத்தைத் திறந்தாள். வரிசையில் எண்ணினாள். மாப்பிள்ளை எடுத்த படங்களும் அதே நாளில் நிறைய இருந்தன. இரண்டு கேமராப் படங்களையும் சேர்த்து, நேரப்படி அடுக்கு என்று சாஃப்ட்வேருக்குச் சொன்னாள்.

அடுக்கியது. கல்யாணமே குழம்பிப் போயிற்று.

மாப்பிள்ளையின் கேமராவில் தங்கை மோதிரம் போட்டுக்கொண்டிருக்கும்போது, அப்பாவின் கேமராவில் அவள் இன்னும் தலையே வாரவில்லை. மாப்பிள்ளையின் கேமராவில் எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவுகிற நேரத்தில் அப்பாவின் கேமராவில் சாப்பாட்டுக் கூடத்தையே திறந்துகொண்டிருந்தார்கள்.

குடும்பப் படம் இரண்டு இடத்தில் இருந்தது. ஒன்று, அப்பா எடுத்தது, நேரம் பதினொன்று ஐந்து. இன்னொன்று, அந்த நொடியிலேயே மாப்பிள்ளை வரிசையில் நின்றபடியே தன் கேமராவைத் தலைக்கு மேலே தூக்கித் திருப்பிப் பிடித்து எடுத்தது. அதே ஆட்கள், அதே பாதித் தும்மலில் பெரியம்மா. நேரம் பத்து இருபத்தைந்து.

நாற்பது நிமிஷம்.

அவள் கை மவுஸிலிருந்து தானாக எழுந்தது.

அப்பா எங்கே போனாலும் நாற்பது நிமிஷம் தாமதம். வழியில் எந்தக் கட்டடத்திலாவது லிஃப்ட் முனகினால் நின்று காது கொடுப்பார். மகளின் பட்டமளிப்புக்கு அவர் வந்து சேர்ந்தபோது அரங்கத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். பெருக்கியவருக்குக் கை தட்டிவிட்டு வந்தார். தங்கை கல்யாணத்திலும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று, அன்று விடியற்காலையில் எழுந்து அப்பாவின் கைக்கடிகாரத்தை நாற்பது நிமிஷம் முன்னால் தள்ளி வைத்தவள் அவள்தான். சுவர்க் கடிகாரத்தையும் தள்ளினாள். கேமராத் திரையில் நேரம் பார்த்துவிடுவாரே என்று அதையும் தள்ளினாள்.

அன்று அப்பா வாழ்க்கையிலேயே முதல் தடவையாகச் சரியான நேரத்துக்கு வந்தார். வந்தது மட்டுமில்லாமல், சடங்குகளை நாற்பது நிமிஷம் தாமதமாக ஆரம்பித்ததற்காக ஹால் மேனேஜரோடு சண்டையும் போட்டார். இரவில் அவள் கைக்கடிகாரத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் பழையபடி வைத்தாள். கேமரா மாப்பிள்ளை வீட்டுக் கார் டிக்கியில் இருந்தது. அதை மறந்தே போனாள். பதினோரு வருஷமாக அந்தக் கேமரா நாற்பது நிமிஷம் எதிர்காலத்தில் வாழ்ந்துகொண்டிருந்தது.

திரையில் ஒரு சின்னச் சதுரம் மின்னியது. படிக்கட்டுக் கூட்டத்துக்குப் பின்னால், வெகு தூரத்தில், ஹாலின் பக்கவாட்டு கேட்டோரம், மர நிழலில், மிளகளவு ஒரு முகம். சாஃப்ட்வேர் கேட்டது: 'இவர் யார்?'

அவள் பெரிதாக்கினாள். இருட்டு. 'நிழல்' என்று எழுதியிருந்த கோட்டின் குமிழை மெல்ல வலது பக்கம் இழுத்தாள். மரத்தடி விடிந்தது. இலைகள் வந்தன. கேட்டின் கம்பிகள் வந்தன. வெயில் நாளிலும் இடது அக்குளில் குடையை இடுக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். வலது கையை மடக்கி, கடிகாரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பா.

பதினோரு மணிக்கு வரச் சொல்லியும் பத்து இருபத்தைந்துக்கே வந்து நின்றிருக்கிறார். தான் இல்லாமலே படம் எடுத்து முடிப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். யாரை இந்தப் படத்தில் காணோம் என்று குடும்பமே இரண்டாகப் போனதோ, அவர் இந்தப் படத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அப்பா!" என்று கூப்பிட்டாள். உள்ளேயிருந்து பதில் வந்தது.

"என்ன?"

"அன்னிக்கு அப்புறம் சித்தப்பாகிட்ட நீங்க பேசவே இல்லியா?"

"ஒரே தடவை போன் பண்ணினேன். என்ன சொன்னான் தெரியுமா? நேரத்தை மாத்திச் சொல்லி ஆளை ஒதுக்கற குடும்பம்னு சொன்னான். நான் நேரத்தை மாத்தினேனாம்! நான்!"

"அப்புறம்?"

"வச்சுட்டேன். எனக்கு மானம் இல்லியா?"

அவள் பால்கனிக்குப் போய்த் தங்கையைக் கூப்பிட்டாள். தங்கை வேறு ஊரில் வக்கீல். பக்கத்து வீட்டுப் பூனை குறுக்கே போனால் கூட எந்தச் சட்டப்படி என்று கேட்பவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முழுசாக ஒரு நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. அவள் வாழ்நாளில் அது ஒரு சாதனை.

"அக்கா, என் கல்யாணத்துல கடிகாரத்தைத் திருத்தினது நீயா?"

"அப்பா நேரத்துக்கு வரணும்னுதான்டீ."

"வந்தார். சித்தப்பா போயிட்டார்."

"என்னடீ பண்றது?"

"வக்கீலாச் சொல்லவா, தங்கச்சியாச் சொல்லவா?"

"முதல்ல வக்கீல்."

"அந்த சாஃப்ட்வேர்ல வேண்டாத ஆளை அழிக்கிற பிரஷ் இருக்கும். தடவிடு. சாட்சி போச்சுன்னா வழக்கு போச்சு. அப்பாவுக்கு எழுபத்தாறு வயசு. பெத்த பொண்ணாலதான் கூடப்பிறந்தவன் போனான்னு இந்த வயசுல தெரியணுமா?"

"தங்கச்சியா?"

லைனில் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. "கோர்ட்டுக்கு நேரமாச்சுக்கா" என்று வைத்துவிட்டாள்.

மேஜைக்குத் திரும்பினாள். மணி மூன்றரை. படத்தை அட்டைக்காகச் சீர் செய்யச் சொன்னாள். சாஃப்ட்வேர் சாய்ந்திருந்த படிக்கட்டை நிமிர்த்தியது, பெரியம்மாவின் முகத்துக்கு வெளிச்சம் கொடுத்தது, கடைசியில் கேட்டோரம் நின்றவரைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு போட்டு மரியாதையாகக் கேட்டது: 'பின்னணியில் கவனத்தைச் சிதறடிக்கும் ஒரு நபர். நீக்கவா?'

அவள் பிரஷ்ஷை எடுத்தாள். ஒரே தடவல்.

சித்தப்பா போய்விட்டார். போனதோடு இல்லை. அவர் மறைத்திருந்த கேட்டுக் கம்பிகளை இயந்திரம் தானே கற்பனை செய்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று வரைந்து நிரப்பியிருந்தது. கடைசிக் கம்பியில் துரு கூட இருந்தது. அங்கே மனிதர் யாரும் நின்றதேயில்லை என்று அந்தத் துரு சத்தியம் செய்தது.

இவ்வளவு சுத்தமாக ஒரு ஆளை உலகத்திலிருந்து எடுத்துவிட முடியுமா? ஈறிலிருந்து பல்லைப் பிடுங்கினால் கூட ஒரு குழி இருக்கும்.

அன்டூவை அழுத்தினாள்.

வந்துவிட்டார். அதே குடை, அதே கடிகாரம். இந்த சாஃப்ட்வேரில் எத்தனை பூச்சு பூசினாலும் அசல் படம் அடியில் அப்படியே கிடக்கும் என்று காலையில் அப்பாவுக்கு அவளே விளக்கியிருந்தாள். இப்போதுதான் அவளுக்கே விளங்கியது.

'இவர் யார்?' என்ற கேள்வி இன்னும் காத்திருந்தது. அவள் 'சித்தப்பா' என்று தட்டினாள்.

உடனே இன்னொரு மிளகளவு முகம் வந்தது. 'இவரும் அவரா?' ஆமாம். இன்னொன்று. ஆமாம். ஆமாம். இயந்திரம் ஒரு முனையைப் பிடித்து இழுக்க இழுக்கச் சித்தப்பா வந்துகொண்டேயிருந்தார்.

தங்கைக்குக் குழந்தை பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில், தூணுக்குப் பின்னால் ஒரு குடை. அப்பா ஓய்வு பெற்ற அன்று ஒர்க்‌ஷாப்புக்கு எதிரே, பெஞ்சில். அவள் கிளினிக் திறந்த அன்று தெருவின் அந்தப் பக்கம், ரிப்பன் வெட்டுகிற நேரத்தில் அவர் மட்டும் தனியாகக் கை தட்டிக்கொண்டு. பதினோரு வருஷத்தில் அறுபத்து மூன்று படங்கள். அழைக்காத ஒவ்வொரு நல்ல நாளுக்கும் அவர் நேரத்துக்கு வந்து, தூரத்தில் நின்று, பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அப்பாவின் கேமராவும் தெரியாத்தனமாக அத்தனையையும் பிடித்து வைத்திருக்கிறது.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். அந்தக் கல்யாண விடியலுக்குப் பின் அந்தக் கேமராவில் எடுத்த படங்கள் அத்தனையையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, நேரத்தை நாற்பது நிமிஷம் பின்னால் தள்ளச் சொன்னாள். இருபத்தெட்டாயிரம் படங்கள் ஒரே மூச்சில் தங்கள் நிஜ நேரத்துக்கு நடந்து போய் உட்கார்ந்தன.

அந்த அறுபத்து மூன்றில் கடைசி இருபத்தேழு படங்கள் இந்தப் பால்கனியிலிருந்தே எடுத்தவை. அப்பா தினமும் சாயங்காலம் தெருவைப் படம் எடுப்பார். எதிரே பஸ் நிறுத்தம். அங்கே குடையோடு சித்தப்பா. எல்லாப் படமும் செவ்வாய்க்கிழமை. எல்லாம் நாலரை மணி.

இன்று செவ்வாய். மணி நாலே கால்.

"அப்பா, கொஞ்சம் வாங்க."

அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தார். அவள் படிக்கட்டுப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"இது எப்ப எடுத்தது?"

"நீங்க எடுத்ததுதான். பதினொன்னு அஞ்சு இல்லப்பா. பத்து இருபத்தஞ்சு."

"எப்படி?"

"உங்க கடிகாரத்தை நான் தள்ளி வச்சேன். நீங்க லேட்டா வரக் கூடாதுன்னு. சித்தப்பா சொன்னது சரிப்பா. நேரத்தை மாத்தினாங்க. மாத்தினது நான்."

திட்டினால் தேவலை என்று அவள் நினைத்தாள். அவர் குனிந்து, திரையில் தம்பியின் மடக்கிய கையைச் சுட்டுவிரலால் தொட்டார்.

"முப்பத்தஞ்சு நிமிஷம் முன்னாலேயே வந்திருக்கான், கழுதை" என்றார். விரலை எடுக்காமலே, "நான் அவனை லேட்டுன்னு சொன்னேன்" என்றார்.

"அப்பா, என் மேலதான் தப்பு."

"தப்பைப் பங்கு போட்டுக்க ஞாயித்துக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. மீதிப் படத்தைக் காட்டு."

அறுபத்து மூன்றையும் காட்டினாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கிளினிக் படத்தில் தனியாகத் தட்டிய கைகளைப் பார்த்தபோது வாயைப் பொத்திக்கொண்டார். இருபத்தேழு செவ்வாய்க்கிழமைகள் வந்ததும் நிமிர்ந்தார்.

"இப்ப மணி என்ன?"

"நாலு இருபத்தாறு."

"நிஜ மணியா?"

"நிஜ மணிப்பா."

அப்பா செருப்பைத் தேடவில்லை. நாற்பது வருஷம் லிஃப்டைத் தவிர வேறெதிலும் ஏறி இறங்காத மனிதர், படிக்கட்டு என்பது லிஃப்டைக் கண்டுபிடிக்காத காலத்து ஏற்பாடு என்று சொல்லிக்கொண்டிருந்தவர், லிஃப்டின் பொத்தானை ஒரு தடவை அழுத்தினார். அது ஐந்தாவது மாடியில் முனகியது. அந்த முனகலுக்கு அவர் காது கொடுக்கவில்லை. படியில் இறங்கி ஓடினார்.

மகள் பால்கனிக்கு ஓடினாள். எதிர் நிறுத்தத்தில் ஒரு குடை நின்றிருந்தது. வலது கை மடங்கிக் கண்ணுக்கு நேரே உயர்ந்தது. நாலு இருபத்தொன்பது. வெறுங்காலோடு ஒருவர் தெருவைக் கடக்க, ஒரு பஸ் பிரேக் போட்டு நின்றது. குடை கீழே விழுந்தது.

அவள் அப்பாவின் கேமராவை எடுத்தாள். அழுத்துவதற்கு முன்னால் அதன் நேரத்தை நாற்பது நிமிஷம் பின்னால் திருப்பினாள். பிறகுதான் கண்ணில் வைத்தாள். ஆறு மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஒருத்தர் விடாமல் எல்லோரும் இருக்கிற அந்தப் படிக்கட்டுப் படத்தை அட்டைக்கு அனுப்ப அது தாராளம்.

பின்னால் பீங்கான் சத்தம் கேட்டது. அம்மா தட்டோடு நின்றிருந்தாள். அதில் நாலு கப் காபி.

"அம்மா, சித்தப்பா வந்திருக்கார்!"

"தெரியும்" என்றாள் அம்மா, எட்டிக் கூடப் பார்க்காமல். "அந்த ஓரத்துக் கப்பை எடுத்துடாதே. அதுல சக்கரை போடலை. உன் சித்தப்பாவுக்கு மூணு வருஷமா சுகர்."

மகள் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கினாள்.

"மூணு வருஷமாவா? அது உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"செவ்வாய்க்கிழமை காய்க்கடைக்குப் போறது யாரு?" என்ற அம்மா தட்டை வைத்துவிட்டு, பதினோரு வருஷமாக அப்பா சாத்திச் சாத்தி வைத்த ஜன்னலைத் திறக்கப் போனாள்.